மொட்டை டயர்ல நீங்க மிச்சம் பிடிக்கிறது வெறும் 320 ரூபாய்!



"ப்ரோ, ஸ்கூட்டர் பின் டயர் தேஞ்சு போச்சு. மாத்தும்போதே கொஞ்சம் அகலமான டயரா, அலாய் வீலோட போட்டுடலாமா? இஎம்ஐ வேற தர்றாங்க."

நம்ம சேனலுக்கு இந்தக் கேள்வி வேற வேற உருவத்துல வந்துக்கிட்டே இருக்கு. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்கதான் அதிகம் கேட்கறாங்க. எஸ்ஐபி பத்தி, டேர்ம் இன்சூரன்ஸ் பத்திக் கேட்கும்போது ஆயிரம் ரூபாய்க்குக் கூட கணக்குப் பார்க்கிற அதே ஆட்கள்தான். வண்டின்னு வந்துட்டா மட்டும் கணக்கு தலைகீழா மாறிடுது. டயருக்கு 1,500 ரூபாய்னா "இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம்"னு தள்ளிப்போடுவாங்க. அதே வண்டிக்கு ஸ்டிக்கர், கார்டு, கலர் லைட்டுன்னா அன்னைக்கே போட்டுடுவாங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தேஞ்ச டயரை மாத்தத் தயங்காதீங்க, டயரைத் தவிர மத்த எல்லாத்துக்கும் தயங்குங்க. ஏன்னு கணக்கோட பார்ப்போம்.

நம்ம ஊர் ரோட்டை வெச்சே கணக்குப் போடுவோம்

கீழ்பென்னாத்தூர்ல இருந்து திருவண்ணாமலைக்கு தினமும் ஸ்கூட்டர்ல வேலைக்குப் போய் வர்ற ஒருத்தரை எடுத்துக்குவோம். நம்ம ஊர்ல இப்படிப் போறவங்களுக்குப் பஞ்சமே இல்லை. பேங்க், ஃபைனான்ஸ் ஆபீஸ், ஜவுளிக்கடை, தனியார் பள்ளிக்கூடம், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னு காலைல எட்டு மணிக்கே வண்டிகள் வரிசையா கிளம்பிடும். பஸ் இருக்கு, ஆனா ஷிப்ட் முடியற நேரமும் பஸ் வர்ற நேரமும் ஒத்துப்போகாது. அதனால ஸ்கூட்டர் இங்க ஆடம்பரம் கிடையாது, சம்பாதிக்கிறதுக்கான கருவி.

ரோடு எப்படின்னு உங்களுக்கே தெரியும். கிருஷ்ணகிரி - திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலை 77 அது. சென்னையில இருந்து திண்டிவனம், செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கு வர்ற பஸ்ஸெல்லாம் இதுலதான் வரும். அது கூட லாரி, கரும்பு ஏத்தின டிராக்டர், அறுவடை நேரத்துல ரோட்டோரமா காயற நெல். பௌர்ணமி வந்தா கிரிவலக் கூட்டம். இத்தனைக்கும் நடுவுல நம்ம ஸ்கூட்டர் ரெண்டு சின்ன சக்கரத்துல போகுது. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுற இடம் நம்ம உள்ளங்கையை விடச் சின்னது. பிரேக் பிடிச்சா வண்டி நிக்கிறதும் நிக்காததும் அந்த இடத்தைப் பொறுத்துதான்.

இப்போ கணக்கு. போக வர ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், மாசம் 25 நாள்னு வெச்சுக்கலாம். மாசம் 1,000 கிலோமீட்டர், வருஷம் 12,000 கிலோமீட்டர்.

கீழே இருக்கிற விலையும் ஆயுளும் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள். உங்க வண்டி, உங்க கடை விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

- பின் டயர்: ஃபிட்டிங்கோட 1,600 ரூபாய், 15,000 கிலோமீட்டர் உழைக்கும். கிலோமீட்டருக்கு சுமார் 10.7 பைசா.
- முன் டயர்: ஃபிட்டிங்கோட 1,600 ரூபாய், 25,000 கிலோமீட்டர் உழைக்கும். கிலோமீட்டருக்கு 6.4 பைசா.
- ரெண்டும் சேர்த்து கிலோமீட்டருக்கு சுமார் 17 பைசா. மாசத்துக்கு 170 ரூபாய்.
- பெட்ரோல்: லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 45. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 22 பைசா. மாசத்துக்கு 2,220 ரூபாய்.

அதாவது பெட்ரோலுக்கு 100 ரூபாய் செலவு பண்றப்போ டயருக்கு ஆகிறது 8 ரூபாய் கூட இல்லை. ஆனா பெட்ரோல் தினமும் கொஞ்சம் கொஞ்சமா போகுது, அதனால வலிக்கலை. டயர் ஒன்னேகால் வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா கேட்குது, அதனால வலிக்குது. தள்ளிப்போடறதுக்கு உண்மையான காரணம் இவ்வளவுதான்.

அந்த 320 ரூபாய் எங்க இருந்து வந்துச்சு?

பின் டயர் பட்டன் முழுசா தேஞ்சு மொட்டையாயிடுச்சு. "இன்னும் மூணு மாசம் ஓட்டிட்டு மாத்திக்கலாம்"னு முடிவு பண்றீங்க. மூணு மாசத்துல 3,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 10.7 பைசா. பெருக்கிப் பாருங்க, சுமார் 320 ரூபாய்.

"1,600 ரூபாய் மிச்சம் பண்ணிட்டேன்"னு மனசு சொல்லும். அது தப்பு. அந்த 1,600 எப்படியும் செலவாகப் போகுது, மூணு மாசம் தள்ளிப்போகுது, அவ்வளவுதான். நிஜமா உங்களுக்குக் கிடைச்சது மூணு மாச உபயோகம். அதோட மதிப்பு 320 ரூபாய்.

இந்தத் தட்டுல 320 ரூபாய். எதிர்த் தட்டுல என்ன இருக்கு?

மாசம் 20,000 ரூபாய் சம்பளம், 26 நாள் வேலைன்னா ஒரு நாள் கூலி 769 ரூபாய். ஈர ரோட்டுல வழுக்கி விழுந்து கை எலும்புல ஒரு விரிசல், பத்து நாள் வீட்ல இருக்கணும்னு வெச்சுக்கோங்க. லீவு மிச்சம் இல்லைன்னா 7,690 ரூபாய் போச்சு. எக்ஸ்ரே, மாவுக்கட்டு, வண்டி ரிப்பேர் எல்லாம் தனி. பின் சீட்ல தங்கச்சியோ அம்மாவோ இருந்தா? அதை ரூபாய்ல எழுத எனக்கு மனசு வரலை.

பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022-ல இந்தியா முழுக்க சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 44.5 சதவீதம் பேர் டூவீலர்ல போனவங்க. எல்லாத்துக்கும் டயர்தான் காரணம்னு யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லலை. ஆனா இந்த ஆபத்துல நம்ம கைல இருக்கிற விஷயங்கள் ரொம்பக் கொஞ்சம். எதிர்ல வர்ற லாரி டிரைவர் தூங்கினாரான்னு நமக்குத் தெரியாது. நம்ம டயர்ல பட்டன் இருக்கான்னு குனிஞ்சு பார்த்தா தெரிஞ்சுடும்.

"இன்சூரன்ஸ் இருக்கே?"

இந்த நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கணும்.

முதல் விஷயம், தேய்மானத்துக்கு எந்த மோட்டார் பாலிசியும் பணம் தராது. சாதாரண ஓன் டேமேஜ் பாலிசில, வண்டியும் சேர்ந்து அடிபட்டாதான் டயருக்குப் பணம். அதுவும் பாதி விலைதான்.

ரெண்டாவது, 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். அதனால நிறைய பேர் "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு நிம்மதியா இருக்காங்க. அது நீங்க மத்தவங்களுக்கு ஏற்படுத்துற பாதிப்புக்கு. உங்க வண்டிக்கான ஓன் டேமேஜும், ஓனர் டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் ஒரு வருஷத்தோடயே முடிஞ்சிருக்கலாம். இன்னைக்கே பாலிசியை எடுத்து ரெண்டு தேதியையும் பாருங்க. அந்த 15 லட்சமும் மரணம், நிரந்தர ஊனம் மாதிரி பெரிய பாதிப்புக்குத்தான். கை எலும்பு விரிசலுக்குச் சம்பளம் தராது.

மூணாவது, நல்ல செய்தி. உங்களுக்கு இஎஸ்ஐ பிடித்தம் இருந்தா, வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கிற விபத்தையும் வேலையோட தொடர்புள்ள காயமா எடுத்துக்க வழி இருக்கு. அப்படி ஏத்துக்கிட்டா, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்துல 90 சதவீதம் வரைக்கும் கிடைக்கும். ஆனா இஎஸ்ஐ பொதுவா பத்துப் பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யற இடங்களுக்கு, மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கறவங்களுக்குத்தான். நாலு பேர் இருக்கிற ஆபீஸ்ல வேலை பார்க்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவருக்கு டயர்தான் முதல் இன்சூரன்ஸ்.

டயர் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கடைக்காரர் முதல்ல எடுத்து வைக்கிற டயரை அப்படியே வாங்கிட்டு வராதீங்க. டயர் சைடுல எல்லாம் எழுதியிருக்கும். படிக்கத் தெரிஞ்சா போதும்.

*1. சைஸ்.* உதாரணத்துக்கு 90/100-10. முதல் எண், அகலம் 90 மில்லிமீட்டர். ரெண்டாவது எண், அந்த அகலத்துல டயரோட உயரம் எத்தனை சதவீதம். இங்க 100 சதவீதம், அதாவது உயரமும் 90 மில்லிமீட்டர். கடைசி எண், ரிம் 10 இன்ச். ஆக்டிவா 6ஜி, சுசுகி ஆக்சஸ் 125 ரெண்டுலயும் பின்னாடி இதுதான், முன்னாடி 90/90-12. டிவிஎஸ் ஜுபிடர் 110-ல ரெண்டு பக்கமும் 90/90-12. பழைய ஆக்டிவால ரெண்டு பக்கமும் 10 இன்ச். பேர் ஒன்னா இருந்தாலும் மாடலுக்கு மாடல் மாறும், அதனால உங்க மேனுவல்ல இருக்கிறதுதான் கடைசி வார்த்தை.

"ஏன் பின் டயரே சீக்கிரம் தேயுது?"ன்னு கேட்பீங்க. ஸ்கூட்டர்ல இன்ஜின் பின் சக்கரத்துக்குப் பக்கத்துலயே இருக்கு, வண்டியைத் தள்றதும் அதே சக்கரம், பின்னாடி உட்கார்றவங்க பாரமும் அது மேலதான். அது போக, 10 இன்ச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 733 சுத்து சுத்துது. 12 இன்ச் சக்கரம் 682 சுத்துதான். நம்ம 40 கிலோமீட்டர் பயணத்துல பின் சக்கரம் தினமும் சுமார் 2,000 சுத்து கூடுதலா உழைக்குது.

*2. பாரமும் வேகமும்.* சைஸுக்குப் பக்கத்துல 53ஜே, 54ஜே மாதிரி இருக்கும். 53-னா அந்த டயர் 206 கிலோ வரை தாங்கும், 54-னா 212 கிலோ. ஜே-ன்னா மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். பழைய டயர்ல இருக்கிறதை விடக் குறைஞ்ச எண் வாங்கவே கூடாது.

*3. தயாரிப்புத் தேதி.* நாலு இலக்கம் தனியா இருக்கும். 2325-னா 2025-ம் வருஷம் 23-வது வாரம். ரப்பர் ஓடாம கிடந்தாலும் கெட்டிப்படும். ஆஃபர் விலைல குடுக்கிற டயர்ல முதல்ல இதைப் பாருங்க. ரெண்டு மூணு வருஷம் கடைல தூங்கின டயரா இருந்தா, வேற எடுத்துக் காட்டச் சொல்லுங்க.

*4. ஐஎஸ்ஐ முத்திரை.* டூவீலர் டயருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 15627. முத்திரை இல்லாத டயரை விலையைக் கேட்காமலே திருப்பிக் குடுத்துடுங்க.

*5. கிரிப்பா, ஆயுளா?* மெதுவான ரப்பர் ரோட்டை நல்லா பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் நிறைய நாள் உழைக்கும், மழைல பிடிமானம் குறையும். ரெண்டும் ஒரே டயர்ல முழுசா கிடைக்காது. என் கருத்து, முன் டயருக்குக் கிரிப்பைப் பாருங்க, பின் டயருக்கு ஆயுளைப் பாருங்க. பிரேக் பிடிக்கும்போது வண்டியோட பாரம் முன்னாடி சாயும், நிறுத்தற வேலைல பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். பின் சக்கரம் வழுக்கினா சமாளிக்க ஒரு வாய்ப்பு இருக்கு. முன் சக்கரம் வழுக்கினா நேரா தரைதான்.

*6. பிராண்ட்.* இந்த விவாதத்துல நிறைய நேரம் வீணாகுது. 1946-ல சென்னை திருவொற்றியூர்ல பலூன் செய்ய ஆரம்பிச்ச எம்ஆர்எஃப் இருக்கு, மதுரைல தயாராகிற டிவிஎஸ் யூரோகிரிப் இருக்கு, சியட், அப்போலோ, மிஷ்லின் இருக்கு. சரியான சைஸ், புதுத் தேதி, பில் இந்த மூணும் இருந்தா பெரிய கம்பெனிகள்ல எதை எடுத்தாலும் தினசரிப் பயணத்துக்குப் போதும். பில்லை மட்டும் விடாதீங்க. தயாரிப்புக் குறை இருந்தா கம்பெனி வாரண்டி கேட்க அது ஒன்னுதான் ஆதாரம்.

பில்லைப் பார்க்க இன்னொரு காரணமும் இருக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 சதவீதமா குறைஞ்சுடுச்சு. வரியோட 1,500 ரூபாய் இருந்த டயர் சுமார் 1,383 ரூபாய்க்கு வரணும். பில்லுல எத்தனை சதவீதம் போட்டிருக்குன்னு ஒரு பார்வை பாருங்க.

*7. மாட்டும்போது.* டியூப்லெஸ் டயர் மாத்தும்போதே வால்வையும் புதுசா போடச் சொல்லுங்க. டயர்ல இருக்கிற அம்புக்குறி வண்டி போற திசைல இருக்கான்னு நின்னு பாருங்க. புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்கும், அதனால முதல் 150 கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க. நம்ம கணக்குல அது நாலு நாள்.

ஆன்லைனா, கடையா, செகண்ட்ஸா?

ஆன்லைன்ல 150 ரூபாய் கம்மியா காட்டலாம். அதோட ஃபிட்டிங் கூலி, வால்வு, டயரைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போற அலைச்சல், தேதி பழசா இருந்தா திருப்பி அனுப்பற தலைவலி எல்லாத்தையும் சேர்த்து ஒப்பிடுங்க. பெரும்பாலும் ஊர்க் கடை விலையும் அதுவும் பக்கத்துல வந்து நிக்கும். அப்படின்னா ஊர்க் கடைலயே வாங்குங்க. நாளைக்கு முள்ளு குத்தினா நீங்க போய் நிக்கப் போறது அந்த அண்ணன் கிட்டதான்.

செகண்ட்ஸ் டயர் பத்தி ஒரே வரி. 600 ரூபாய்க்கு வாங்கி 4,000 கிலோமீட்டர் ஓடினா கிலோமீட்டருக்கு 15 பைசா. புது டயர் 10.7 பைசா. மலிவா தெரியறதுதான் இங்க காஸ்ட்லி.

இப்போ அப்கிரேடு: மூணு கேள்வி போதும்

வண்டிக்கு எது வாங்கறதுக்கு முன்னாடியும் இந்த மூணு கேள்வியைக் கேளுங்க.

1. இது வண்டியைச் சீக்கிரம் நிறுத்துமா?
2. இது எனக்கு ரோட்டையோ, மத்தவங்களுக்கு என்னையோ தெளிவா காட்டுமா?
3. இது ரோட்டோட பிடிமானத்தைக் கூட்டுமா?

ஒன்னுக்காவது "ஆமா"ன்னா அது தேவை. மூணுக்கும் "இல்லை"ன்னா அது ஆசை. ஆசை தப்பே இல்லை. ஆனா ஆசைக்கு ஆசைக்கான பணத்துல இருந்து செலவு பண்ணணும், டயருக்கான பணத்துல இருந்து கூடாது. இஎம்ஐ போட்டு நிச்சயமா கூடாது.

இந்தச் சல்லடைல சலிச்சா வரிசை இப்படி வருது.

*முதல்ல:* பிரேக் ஷூ, பிரேக் கேபிள். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசி வரைக்கும் உள்ள வண்டிகளுக்கு ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சிபிஎஸ் கட்டாயம், ஆனா ஷூ தேஞ்சு போயிருந்தா சிபிஎஸ் என்ன செய்யும்?

*ரெண்டாவது:* ஐஎஸ்ஐ முத்திரையோட நல்ல ஹெல்மெட், கீறல் இல்லாத வைசர். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விற்கவே கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு எதிர்ல பஸ் லைட் அடிக்கும்போது கீறல் விழுந்த வைசர் என்ன பாடு படுத்தும்னு இந்த ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும்.

*மூணாவது:* ஹெட்லைட்டைத் துடைச்சு, சரியான உயரத்துக்குத் திருப்பி வைக்கிறது. பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர். கண்ணைக் கூசற வெள்ளை லைட் இந்தக் கணக்குல வராது. எதிர்ல வர்றவருக்குக் கண்ணு தெரியலைன்னா அவர் வந்து மோதப் போறது நம்ம மேலதான்.

*நாலாவது:* பின் ஷாக் அப்சார்பர், அதுவும் ஆயில் ஒழுகினா, ரொம்ப ஆடினா மட்டும்.

*ஆசைக் கணக்கு:* சீட் கவர், ஃப்ளோர் மேட், கார்டு, ஸ்டிக்கர், அலாய் வீல். கைல காசு இருக்கும்போது, மேல சொன்ன நாலும் முடிஞ்ச பிறகு.

*வேண்டவே வேண்டாம்:* சத்தம் போடற சைலன்சர், மைலேஜ் பூஸ்டர்னு விக்கிற சாமான்கள். வண்டியோட அடிப்படை அமைப்பை கம்பெனி சொன்னதுக்கு மாறா மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குச் சட்டத்துல இடம் இருக்கு. அது மூணு டயர் காசு!

"அகலமான டயர் போட்டா கிரிப் கூடும்ல?"

நியாயமான கேள்வி, மூணாவது கேள்விக்கு "ஆமா" மாதிரிதான் தெரியும். 90/100-10-க்குப் பதிலா 100/90-10 போட்டா உயரமும் மாறாது, ரெண்டுமே 90 மில்லிமீட்டர்தான். அகலம் மட்டும் 10 மில்லிமீட்டர் கூடும். அதனாலதான் பல கடைகள்ல "இது அப்படியே உட்காரும்"னு சொல்றாங்க.

ஆனா ரிம் பழைய அகலத்துக்குச் செஞ்சது. டயரை அது உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கும், டயரோட வடிவம் மாறும். மட்கார்டுலயோ ஸ்விங் ஆர்ம்லயோ உரசலாம். எடை கூடினா மைலேஜ் குறையும். மைலேஜ் 45-ல இருந்து 43 ஆனாலே மாசத்துக்கு 100 ரூபாய்க்கு மேல பெட்ரோல்ல போயிடும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம செஞ்ச மாற்றம், கிளெய்ம் நேரத்துல கேள்வியா வரவும் வாய்ப்பு இருக்கு. அந்த வண்டிக்கு அந்த சைஸை இன்ஜினியர்கள் சோதனை பண்ணித்தான் வெச்சிருக்காங்க. தினமும் 50 கிலோமீட்டர் வேகத்துல வேலைக்குப் போற வண்டிக்கு அகல டயர் குடுக்கிற நன்மையை விட, சரியான சைஸ்ல புது டயர், சரியான காத்து குடுக்கிற நன்மை அதிகம்.

காத்துன்னு சொன்னதும் ஞாபகம் வருது, இது எல்லாத்துலயும் மலிவான அப்கிரேடு. ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்கள்ல முன்னாடி 22 பிஎஸ்ஐ, தனியா போனா பின்னாடி 29 பிஎஸ்ஐ பொதுவான அளவு. ஆள் ஏத்தினா பின்னாடி இன்னும் கூடும். மேனுவல்ல உங்க வண்டிக்கான அளவைப் பார்த்து ஒரு காகிதத்துல எழுதி டிக்கில ஒட்டி வைங்க. பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை, வண்டி சூடாகறதுக்கு முன்னாடி காத்து பிடிங்க. காத்து கம்மியா இருந்தா டயரோட ரெண்டு ஓரமும் தேயும், ரொம்ப அதிகமா இருந்தா நடு மட்டும் தேயும். 15,000 ஓட வேண்டிய டயர் 10,000-லயே நிக்கறதுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

எப்போ மாத்தணும்? பணத்துக்கு என்ன வழி?

டயர் பட்டன்களுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல சின்னச் சின்ன மேடு இருக்கும். அது இருக்கிற இடத்தைக் காட்ட டயர் சைடுல டிடபிள்யூஐ-ன்னு எழுதியோ முக்கோணமோ போட்டிருக்கும். பட்டன் தேஞ்சு அந்த மேட்டோட சமமாயிட்டா டயர் முடிஞ்சதுன்னு அர்த்தம். பக்கவாட்டுல வெடிப்பு, வீக்கம், ஒரே இடத்துல நாலஞ்சு பஞ்சர் இருந்தாலும் அதே முடிவுதான்.

எந்த மாசம் மாத்தலாம்னு கேட்டா, என் பதில் புரட்டாசி. ஐப்பசி, கார்த்திகைதான் நமக்கு மழை. 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் நம்ம மாவட்டத்துல எப்படிக் கொட்டித் தீர்த்துச்சுன்னு யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அடுத்த ரெண்டு வாரத்துல, டிசம்பர் 13-ம் தேதி தீபம். மழையும் கூட்டமும் ஒன்னா வர்ற அந்த மாசத்துல தேஞ்ச டயரோட நிக்கக் கூடாது. செப்டம்பர் கடைசில டயரைப் பாருங்க. இன்னும் 2,000 கிலோமீட்டர்தான் வரும்னு தோணினா அப்பவே மாத்திடுங்க. அந்த 2,000 கிலோமீட்டரோட மதிப்பு சுமார் 213 ரூபாய். மழைக்கால நிம்மதிக்கு அது பெரிய விலை இல்லை.

பணத்துக்கு வழி இன்னும் சுலபம். டயருக்கு மாசம் 170 ரூபாய்னு மேல பார்த்தோம். சர்வீஸ், ஆயில், பிரேக் ஷூ, இன்சூரன்ஸ் ரினியுவல் எல்லாத்துக்கும் சேர்த்து மாசம் 500 ரூபாய்னு வைங்க. சம்பளம் வந்த மறுநாள் தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்குத் தானாப் போற மாதிரி போட்டுடுங்க. பேர் "வண்டி உண்டியல்"னு வெச்சுக்கலாம். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி மாசம் 100 ரூபாய்லயே ஆரம்பிக்கலாம், ஆனா அது அஞ்சு வருஷத் திட்டம், இதுக்குச் சரிவராது. ஒன்னேகால் வருஷத்துல டயர் கடைக்குப் போகும்போது பணம் ரெடியா இருக்கணும், அவ்வளவுதான். வட்டியைப் பத்தி இதுல யோசிக்கவே வேண்டாம்.

வருஷம் 6,000 ரூபாய். இந்த உண்டியல் இருந்தா டயர் தேய்றது திடீர்ச் செலவா தெரியாது, கரண்ட் பில் மாதிரி எதிர்பார்த்த செலவாயிடும். தள்ளிப்போட வேண்டிய அவசியமும் இருக்காது. வருஷக் கடைசில மிச்சம் ஏதாவது இருந்தா அந்தப் பணத்துல சீட் கவரோ ஸ்டிக்கரோ போட்டுக்கோங்க. அப்போ யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது, நானும் கேட்க மாட்டேன்.

முதலீடு பத்தி எத்தனை வீடியோ பார்த்தாலும், அந்த முதலீட்டுக்கு மாசா மாசம் பணம் போடறது நம்ம உடம்பு வேலைக்குப் போய் வர்றதாலதான். அந்த உடம்பைத் தினமும் 40 கிலோமீட்டர் தூக்கிட்டுப் போறது ரெண்டு டயர்.

நாளைக்குக் காலைல வண்டியை எடுக்கும்போது ஒரு நிமிஷம் குனிஞ்சு பின் டயரைப் பாருங்க. மேடு சமமாயிடுச்சுன்னா, அடுத்த சம்பளம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த பதிவுல சந்திப்போம். பத்திரமா போய்ட்டு வாங்க!